புது ரேமுக்கு வெச்ச பொட்டு

அக்கா கல்யாணமாயி குவைத்துக்குப் போயி அங்கியே கொழந்த பெத்துச்சி. எங்க வூட்டு ஓட்டக் கம்ப்யூட்டர்ல வீடியோ கால் போட்டா, கொழந்த மூஞ்சி பாதி வர்றதுக்குள்ளயே படம் அப்டியே நின்னுபூடும். அம்மா நின்ன படத்தத் தடவிக்கினே உக்காந்துக்கினு இருக்கும்.

மெமரி பத்தலன்னு நகரியிலேர்ந்து திருப்பதிக்கு பஸ் ஏறிப் போயி ஒரு ரேம் வாங்கியாந்தேன். நான் மூஞ்சி கழுவிக்கினு வர்றதுக்குள்ள, புதுப் பொருளாச்சேன்னு அம்மா அதும்மேல மஞ்சளக் கொழச்சித் தடவி குங்குமம் வெச்சிருச்சி. அதுவும் ஸ்லாட்டுல சொருவுற தங்கக் கலர் பட்ட மேலயே! அவசரத்துல அதக் கவனிக்காம மாட்டிட்டேன். கம்ப்யூட்டர் பீப் பீப்புன்னு கத்துது, ஸ்கிரீன் வரல. கழட்டிப் பாத்தா ஒரே மஞ்சளு.

"ஏம்மா, இது இன்னா உன் புது மருமவளா, பொட்டு வெச்சி உள்ள கூப்டுக்க?"

"போடா! பேத்தியக் காட்டப் போற சாமான சும்மாவா உள்ள வுடுவாங்க?" அப்பறம் கொரலு எறங்கிப்போச்சி. "கெட்டுபூச்சாடா?"

அதோட என் நக்கலும் நின்னுபூச்சி. பென்சில் ரப்பரால பட்டயத் தேய்ச்சி, தொடச்சி, திருப்பி மாட்டினேன்.

வீடியோ கால் போட்டேன், ஸ்கிரீன்ல அக்கா வந்துச்சி. கொழந்த நெளிஞ்சிது, ஒரு முழு கொட்டாவி வுட்டுச்சி, வாய மூடிக்கிச்சி. படம் எங்கியும் நிக்கல.

"அக்கா, நல்லா தெரியுதுக்கா!"ன்னு கத்தினேன்.

அம்மா என் வாயப் பொத்திச்சி. "மெதுவா பேசுடா, பாப்பா தூங்கப் போவுது."