உப்புக் குவியல் பதில் சொன்ன நாள்

திருகோணமலை ஆஸ்பத்திரி விறாந்தையில் என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது காதிலிருந்தும் மூக்கிலிருந்தும் உப்பு கொட்டிக்கொண்டிருந்தது. புண்ணில் உப்பு வைப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். என்னை முழு ஆளாகவே உப்புக்குள் வைத்து எடுத்திருந்தார்கள்.

கூட ஓடிவந்த, உப்பளத்தில் என்னோடு வேலைசெய்யும் றகீம் நானா, "தம்பி, இன்னும் ரெண்டு நாள் உள்ள கிடந்திருந்தா கருவாடாகிருப்பீங்க" என்றார். சிரிக்கப் பார்த்தேன். இடது விலாவுக்குள் கத்தி இறங்கியதுபோல மூச்சு பாதியில் நின்றது. அப்போதுதான் பயந்தேன்.

நெஞ்சில் அடிபட்டு வீடு திரும்பி, தன் மூச்சையே நம்ப ஏலாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் நான் உப்பளத்தில் கங்காணி. உப்பைக் குவித்து, பின்னிய தென்னோலைக் கிடுகால் மூடிவைப்போம். கிடுகு விலகி மழை பட்டால் குவியலின் மேற்பகுதி கல்லாக இறுகிவிடும். உள்ளே உப்பு பொலபொலவென்று கிடக்கும். மேலிருந்துதான் வெட்ட வேண்டும். ஆனால் அடியில் அள்ளுவது சுகம். லொறி நிற்கிறது என்றால் அடியில்தான் கை போகும். அதற்குமுன் தடியால் தட்டிக் கேட்பது எங்கள் வழக்கம். 'திண்' என்றால் நிற்கலாம். 'தொம்' என்றால் மேலோட்டுக்குக் கீழே வெறுமை, சரியப்போகிறது, ஓட வேண்டும்.

அதை நான் விளையாட்டாக்கியிருந்தேன். தட்டிவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்து, "வீட்டில ஆரும் இருக்கினமோ?" என்று கூப்பிடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அன்றைக்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் 'தொம்' ஒருவருக்கும் கேட்கவில்லை. குவியல் சரிந்து என்னை மூடியது.

உப்பு வெளியிலிருந்து பார்த்தால்தான் வெள்ளை. உள்ளே கன்னங்கரேல். மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. மூன்று சமயத்துக் கடவுள்களையும் கூப்பிட்டேன். முதலில் வந்தது றகீம் நானாவின் கை.

மூன்று விலா முறிவு. கூடவே நியூமோதோரக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே காற்றுப் புகுந்து அதைச் சுருங்கவைப்பது). நெஞ்சில் குழாய் போட்டு, அதன் மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே தண்ணீர்ப் போத்தலில் விட்டார்கள். டொக்டர் பனி விழும் நாட்டில் படித்தவர்.

"பனிமலையிலயும் இதுதான் கதை," என்றார். "இறுகின பனிக்கு மேல புதுப்பனி விழும். நடுவில ஒட்டு இல்லாட்டி ஒருத்தன் கால் வைச்சாலே காணும், சரிவு முழுக்கக் கழண்டு வரும். அங்கயும் குத்திப் பாத்துத்தான் நடப்பினம். காலுக்குக் கீழ 'தொம்' எண்டால் திரும்பிடுவினம்."

"திரும்பாட்டி?"

"உங்களைப்போலப் படுத்திருப்பினம். எல்லாரும் இல்லை." பிறகு கேட்டார்: "குவியல் சரியேக்க உங்கட கை எங்க இருந்தது?"

"வாயில, டொக்டர். பகிடி விட்டுக்கொண்டு நிண்டனான்."

"அந்தக் கைக்குள்ள இருந்த காத்துதான் உங்களைக் காப்பாத்தினது. பனியில தப்பிறவைக்கும் முகத்துக்கு முன்னால அவ்வளவு இடம்தான் மிஞ்சும்."

என்னைப் புதைத்த பகிடியே மூச்சையும் தந்திருந்தது. இதற்கு அழுவதா சிரிப்பதா? இரண்டுக்கும் விலா இடம் கொடுக்கவில்லை.

எலும்பு பொருந்திவிட்டது. பயம் பொருந்தவில்லை. அன்புவழிபுரத்து வீட்டில் ஒரு மத்தியானம் மனைவி போர்வையை நெஞ்சுக்கு மேல் இழுத்தாள். உதறிவிட்டு முற்றத்துக்கு ஓடினேன். இடுப்பில் கட்டியிருந்த சாரம் கட்டிலிலேயே நின்றுவிட்டது.

"இஞ்சேருங்கோ, அது போர்வை. சரியாது. உள்ள வாங்கோ, சனம் பாக்குது!"

பிறகு அவளே வழி கண்டாள். முதல்நாள் போர்வையை முழங்கால்வரை இழுத்தாள், பிறகு நாளுக்கொரு சாண் மேலே. இடையிடையே டொக்டர் சொன்ன மூச்சுப் பயிற்சியாக, வாயில் ஒரு குழாயை வைத்துப் போத்தல் தண்ணீருக்குள் ஊதினேன். முதலில் இரண்டு குமிழி வந்தது. போர்வை தோளுக்கு வந்தபோது போத்தல் பொங்கியது. அவசரப்படாதீர்கள், சாண் கணக்குப் போதும்.

அடுத்த மழைக்குப் பிறகு வேலைக்குப் போனேன். லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். றகீம் நானா தடியை நீட்டினார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். ஒரு மூச்சை முழுதாக இழுத்து, முழுதாக விட்டேன். ஒருவரும் சிரிக்காத அந்த அமைதியில் தட்டினேன்.

தொம்.

"தள்ளுங்கோ எல்லாரும். மேலயிருந்து வெட்டுவம்."

லொறி பின்னேரம்வரை நின்றது. குவியல் அன்று சரியவில்லை. அதனாலென்ன?

நான் உள்ளே கிடந்தது அரைப் பீடி நேரம்தான் என்கிறார் நானா. எனக்கு அது இன்னும் முழுதாக முடியவில்லை. மழை வருமுன் இடது விலா சொல்லிவிடும். மத்தியான நித்திரையில் என் இரண்டு கையும் வாயருகே போய்க் குவிந்துகொள்கிறதாம். மனைவி அவற்றைப் பிரிப்பதில்லை. போர்வையை மட்டும் தோள்வரை இழுத்துவிடுகிறாள்.