பச்சை உறைக்குள் சிவப்பு விளக்கு

காய்ச்சலில் காது மந்தமானதிலிருந்து தையல்காரிக்குப் பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னால்தான் விளங்கும். கணவரோ இடுப்பு ஒடிந்து உள்ளறைக் கட்டிலில். ஒருநாள் அவர் கீழே விழுந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிக் கிடந்தார். முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதன்பின் அவள் நாலு தையலுக்கு ஒருதரம் எழுந்து எட்டிப் பார்த்தாள். ஒரு சட்டை முடியவே பொழுது சாய்ந்தது. மெஷினை விற்றுவிடலாமென்றுகூட நினைத்தாள்.

நாத்தனார் செல்போன் பழுது பார்ப்பவள். உள்ளங்கையளவு கம்ப்யூட்டரையும், அதன் முதுகில் ஏறி உட்காரும் பலநிற எல்இடி பலகையையும் கொண்டுவந்து மெஷின் அருகே வைத்தாள். நீண்ட ஒயரின் மறுமுனையில், அண்ணன் கைக்கருகே பச்சை, சிவப்பு என இரண்டு பட்டன்கள்; அழுத்திய நிறம் பலகையில் எரியும். பச்சை எரிந்தால் அவசரமில்லை. சிவப்பென்றால் போட்டது போட்டபடி ஓட வேண்டும்.

"கண்ணு கூசுது. இது வீடா, வெல்டிங் பட்டறையா?" என்றாள் தையல்காரி.

நாத்தனார் புரோகிராமில் வெளிச்சத்தைக் குறைத்தாள். அவள் போனபின்னும் கூசியது. தையல்காரி கைக்கு வந்த பச்சை லைனிங் துணியில் உறை தைத்து மாட்டினாள்.

மறுநாள் கட்டிலிலிருந்து சரிந்தவர் சிவப்பை அழுத்தினார். யாரும் வரவில்லை. பச்சையை அழுத்தினார். தையல்காரி எடுத்த மடிப்பை முடித்துவிட்டு, தம்ளரில் தண்ணீரோடு ஆடி அசைந்து வந்தாள்.

பாதி உடம்பு தொங்கியபடி, "தண்ணி இருக்கட்டும், முதல்ல என்னைத் தூக்கு" என்றார்.

நாத்தனார் வந்து தன் லேப்டாப் திரையில் புரோகிராமை வரி வரியாகத் தேடினாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணி. அண்ணன்தான் மாத்தி அழுத்தியிருப்பாரு."

"விழறவனுக்கு நிறம் தெரியாதா?" என்றது உள்ளறை. கோபத்தில் சிவப்பை மறுபடி அழுத்தினார்.

விளக்கு எரிகிறதா என்று பார்க்கத் தையல்காரி உறையைத் தூக்கினாள். உள்ளே சிவப்பு கனன்றது. மூடினாள், இருண்டது. பச்சைத் துணி சிவப்பை விழுங்கியிருந்தது.

"விளக்குக்குச் சட்டை தைச்சது நீங்க. நான் தப்புத் தேடினது என் புரோகிராம்லயா?" நாத்தனார் அவள் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

தையல்காரி அன்றே வெள்ளைத் துணியில் உறை தைத்தாள். நன்றி சொல்ல வாய் வராததால், மீதித் துணியில் நாத்தனாரின் கருவிகளுக்கும் ஒரு பை தைத்துக் கொடுத்தாள்.

பிறகு கணவர் மூன்றாவதாக ஒரு நீலப் பட்டன் கேட்டார்.

"எதுக்குண்ணா?"

"சும்மாதான். முழிச்சிருக்கேன்னு சொல்ல."

இப்போதெல்லாம் நீலம் எரிந்தால் தையல்காரி எழுவதில்லை. துணியில்லாமல் மெஷினை ஒருதரம் வேகமாக ஓட்டுவாள். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்காது. அவருக்குக் கேட்கும்.