விலாவில் மூன்று புள்ளிகள்

வெள்ளவத்தை வீட்டு யன்னல் வெளிச்சத்தில் சித்தி பிடித்துப் பார்த்த அந்தப் படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சித்தப்பாவின் எலும்புக்கூடு சாம்பல் நிறத்தில் தெரிய, இடப்பக்க விலாவில் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கரும்புள்ளிகள். அவருக்குப் புரொஸ்டேட்டில் புற்றுநோய் என்று ஏற்கெனவே தெரியும். அது பரவியிருக்கிறதா என்று அறியத்தான், நரம்பில் கதிரியக்க மருந்தை ஏற்றி, மூன்று மணி நேரம் காத்திருந்து அந்த ஸ்கேனை எடுத்தோம். எலும்புக்குப் பரவியிருக்கக்கூடும் என்றது அறிக்கை. அப்படியென்றால் ஒப்பரேஷனுக்கு வழியில்லை.

நான் அப்போது அவர்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற சித்தப்பாவுக்கு வாயைத் திறந்தால் கிரிக்கெட்தான். இரத்த அழுத்தம் கூடியபின், இனி மைதானத்தில் இறங்கக்கூடாது என்று சித்தி சத்தியம் வாங்கியிருந்தார். படம் வந்த கிழமை முழுவதும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சித்தப்பா எங்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார்.

அடுத்த திங்கள் மூவரும் சத்திரசிகிச்சை டொக்டரிடம் போனோம். முறிந்து ஆறுகிற எலும்பும் அந்த மருந்தை இழுத்துக்கொள்ளும், இப்படி ஒரே வரிசையில் புள்ளிகள் வந்தால் அடிபட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார் அவர்.

"கிட்டடியில எங்கயாவது விழுந்தனீங்களோ?"

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். இல்லை என்று தலையசைக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

"ஓம் டொக்டர். பம்பலப்பிட்டி கிரவுண்டில பழைய மாணவர் மட்ச். ஒரு கட்ச் பிடிக்கப் பாய்ஞ்சு விழுந்தனான்."

கொட்டாஞ்சேனையில் நண்பரின் மகனுக்குக் கலியாணம் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போயிருந்த ஞாயிறு அது. இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த மட்சுக்குப் பிறகு பல நாள் ஒரு பக்கமாகவே படுத்தவர், தலையணை சரியில்லை என்று முறையிட்டிருக்கிறார். சித்தி புதுத் தலையணையே வாங்கிக் கொடுத்திருந்தார்.

இனி வெடிக்கப்போகிறது என்று நினைத்தேன். சித்தி கைப்பையைத் திறந்து மூடினார்.

"பிடிச்சனீங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

"பிடிச்சனான்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவர் எழுதிக்கொடுத்த சீ.டி. ஸ்கேனில் ஆறிவரும் முறிவுகள் மூன்றும் தெளிவாகத் தெரிந்தன. நோய் எலும்பைத் தொட்டிருக்கவில்லை. அடுத்த மாதம் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது.

யோசித்தால், அந்த இயந்திரம் விலாவில் ஏதோ நடந்திருக்கிறது என்பதைச் சரியாகத்தான் காட்டியது. என்ன நடந்தது என்று சொல்லவேண்டியவர் ஒரு கிழமை சும்மா இருந்துவிட்டார். தனக்கு அந்த நினைப்பே வரவில்லை என்று இன்றும் சாதிக்கிறார். சித்தி நம்புவதில்லை.

இப்போது அந்த மட்சுக்குச் சித்தப்பாதான் நடுவர். சித்தியும் கூடப் போகிறார். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். பந்து சித்தப்பா பக்கம் உயர்ந்தால் எழுந்து நின்றுவிடுவார்.