பித்தளையைத் தின்ற குமிழிகள்

பெங்களூரில் பம்பு பழுது பார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைன் வீடுகள் எதிலும் தண்ணீர் வரவில்லை. சம்ப்பு என்கிற நிலத்தடித் தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் பம்பைப் பிரித்தோம். உள்ளே சுழலும் பித்தளைச் சக்கரம் கரையான் அரித்த பலகை போலிருந்தது.

பம்பை ஓட்டுவது எதிர்வீட்டு அக்கா. அவர் சம்ப்பில் மணல் விழ விட்டதுதான் காரணம் என்று லைன் கமிட்டிக்காரர்கள் பம்பு அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர் சண்டை போடவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்:

"ரெண்டு மாசமா உள்ள ஜல்லி உருள்ற மாதிரி சத்தம்பா. சொன்னேன், யாரும் காதுல போட்டுக்கல. நானே சம்ப்புல எறங்கி, இருட்டுல காலால தொழாவினேன். ஒரு கல்லு இல்ல."

கல் இல்லாமல் ஜல்லிச் சத்தம். சக்கரத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மணல் தேய்த்தால் வழவழப்பாகும், கோடு விழும். இங்கே தண்ணீர் நுழையும் பக்கத்தில் மட்டும் கொத்துக் கொத்தாகக் குழிகள். உறிஞ்சும் குழாயை வெளியே இழுத்தோம். அதன் வாய்ச் சல்லடையை ஒரு பிளாஸ்டிக் சாக்கு பாதி மூடியிருந்தது.

மருந்துக்கடையில் ஊசி போடும் சிரிஞ்சு ஒன்று வாங்கிவந்து அக்காவிடம் காட்டினேன். காற்றில்லாமல் தண்ணீர் நிரப்பி, முனையை விரலால் அடைத்து, தண்டை இழுத்தேன். சூடே இல்லாத பச்சைத் தண்ணீரில் குமிழிகள் கிளம்பின. விட்டதும் 'டிக்' என்று மறைந்தன. சாக்கு வாயை அடைத்ததால் மூச்சு முட்டிய பம்புக்குள்ளும் இப்படித்தான், ஆனால் ஆயிரக்கணக்கில் என்றேன்.

அவர் சிரிஞ்சை வாங்கித் தானே நாலைந்து தடவை இழுத்துப் பார்த்தார்.

"வெறும் குமிழி, பித்தளைய எப்படிப்பா தின்னும்?"

குமிழி உடையும்போது சுற்றியுள்ள தண்ணீர் உள்ளே பாயும். பித்தளையை ஒட்டியிருந்தால் அந்தப் பக்கமிருந்து தண்ணீர் வர வழியில்லை. எதிர்ப்பக்கத்துத் தண்ணீர் ஊசிபோல் குமிழியைத் துளைத்துக்கொண்டு போய்ப் பித்தளையில் அடிக்கும். அதே இடத்தில் ஓயாமல் அடித்தால் பித்தளை பெயர்ந்துவிடும் என்றேன்.

"நடுத்தண்ணில ஒடைஞ்சா?"

நாலா பக்கமும் சமமாக அமுங்கும், ஊசி பிறக்காது என்றேன். பட்டறையில் இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

சாக்கை எடுத்து, புதுச் சக்கரம் போட்டதும் சத்தம் நின்றது. சாக்கைப் பார்த்த கமிட்டித் தலைவர் சாவியைத் திருப்பிக் கொடுக்க அக்கா வீட்டுக்கு வந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. இனி என்ன சத்தம் கேட்டாலும் உடனே ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அக்கா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, சிரிஞ்சை எடுக்க உள்ளே போனார்.