பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியவள்

பன்னிரண்டு வருடம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். அத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம், "வீட்டையும் வேலையையும் எப்படி சமாளிக்க?" என்று கேட்டதில்லை. பிள்ளைகள் இரண்டும் சின்னதாக இருந்த காலம் அது. காய்ச்சலோடு ஒன்றை வீட்டில் படுக்கவைத்துவிட்டு வேன் ஏறியிருக்கிறேன். அப்போதெல்லாம் யாருக்கும் அந்தக் கவலை வரவில்லை. நான் சொந்தமாக ஒன்றை ஆரம்பித்த பிறகுதான் தெருவில் எல்லோருக்கும் என் பிள்ளைகள்மேல் அக்கறை பொங்கியது. அதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பள்ளிக்கூட வேலையை விட்டதும் கோபத்தில்தான். மே மாத வெயிலில் எங்களை வீடுவீடாக அனுப்பி, "உங்க பிள்ளைய எங்க ஸ்கூல்ல சேருங்கோ" என்று கேட்கச் சொன்னார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். நான் நேராகத் திரும்பிவந்து ராஜினாமா எழுதிக்கொடுத்தேன்.

அடுத்து என்ன என்று யோசிக்க எனக்கு நாளாகவில்லை. நான் ஸ்கூட்டர் ஓட்டப் பழகியது முப்பத்தெட்டு வயதில். சொல்லிக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். அரசாங்க ஆபீஸில் வேலை பார்க்கிறார், வெளியாட்களிடம் குரல் உயர்த்திப் பேசமாட்டார். எனக்குப் பின்னால் உட்கார்ந்து பழக்கிய பத்து நாளும், "கண்ணு தெரியலியா? கையில என்ன எலும்பில்லியா?" என்று கத்திக்கொண்டேதான் இருந்தார். அழுதுகொண்டே பழகினேன். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண்கள் இந்தக் கத்தலுக்குப் பயந்தே வண்டியைத் தொடாமல் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் கத்தாமல் சொல்லிக்கொடுக்கலாம் என்று தோன்றியது. ரோட்டில் அல்ல, மைதானத்தில். பயம் தெளிந்து, பேலன்ஸ் வந்த பிறகு லைசென்ஸுக்கு அவர்களே போய்க்கொள்ளட்டும்.

எங்கள் திருச்சபைக்குச் சொந்தமான மைதானத்தைக் காலையில் ஆறிலிருந்து எட்டுவரை கேட்டு வாங்கினேன். என் பழைய ஸ்கூட்டர்தான் பயிற்சி வண்டி. முதல் மாதம் மூன்று பேர் வந்தார்கள். நான்காவதாக வந்தவர் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா. ஐம்பது தாண்டியவர். இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வருகிறவர். பஸ்ஸில் மீன்சட்டியோடு ஏறினால் மூக்கைப் பொத்துவார்கள், ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. "டீச்சரே, சட்டிய பொறத்தால கெட்டிவச்சு நானே ஓட்டிட்டு வந்தா ஒருத்தன் மொகத்தையும் பாக்காண்டாம்லா?" என்று கேட்டார். வகுப்பு முடிந்ததும் தெருவில் விற்கப் போகலாம் என்று விடிவதற்குள் கரையில் மீன் வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவார்.

மைதானத்தில் நான் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. வீட்டில்தான் எல்லாம் கொட்டியது.

என் மகளுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ. மகனுக்குப் பதினைந்து, பத்தாம் வகுப்பு. நான் ஐந்தேகாலுக்குள் இட்லி அவித்து, சட்னி அரைத்து, மூன்று டப்பாவில் மதியச் சோறும் அடைத்து வைத்துவிட்டுப் போவேன். எட்டேகாலுக்குத் திரும்பினால் இட்லி அப்படியே இருக்கும். மகள் நேரங்கழித்து எழுந்து சாப்பிடாமல் ஓடியிருப்பாள். மகன் அப்போதுதான் எழுந்து, குளித்துத் துடைக்கத் துவர்த்தைத் தேடிக்கொண்டிருப்பான். கொடியில் கண்ணெதிரே தொங்கும் துவர்த்து. வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, "நீ இல்லேன்னா இதுக ரெண்டும் எந்திக்கவே மாட்டேங்குது" என்பார். அவர் அந்த வீட்டிலேயேதான் இரண்டரை மணி நேரமாக இருந்திருக்கிறார். எழுப்புவதற்கு அவருக்கு வாய் இல்லையா? கேட்டேன். "காலங்காத்தால சண்டைக்கு நிக்காத" என்றார்.

இப்படி நாலு மாதம் போனது. ஒருநாள் மகள் ஏதோ நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பம் போட்டு, அதன் நகலை மேசைமேல் வைத்திருந்தாள். பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடுத்தேன். தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று இருந்தது.

"இது யாரு? உனக்க அம்மையா?" என்று கேட்டேன்.

"பின்ன என்ன எழுதச் சொல்லுக? ஸ்கூட்டருக்குப் பொறத்தால ஓடுகான்னா?"

"ஓடுகேன். அதில என்ன குறைச்சல்?"

செல்போனை எடுத்து, எதையோ தேடி, என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "பாரு. எங்க கிளாஸ்ல எல்லாருட்டயும் இருக்கு."

அது ஒரு வீடியோ. எங்கள் மைதானம். மீன்கார அக்கா ஸ்கூட்டரில், நான் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். வண்டி ஆட, அக்கா ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட, என் கைப்பிடி நழுவி நான் குப்புற விழுகிறேன். அக்கா மைதானத்தை ஒட்டிய வாழைத்தோட்டத்துக்குள் போய்ச் சாய்கிறார். சேலை முழங்காலுக்கு மேல் ஏறிக்கிடக்கிறது. அதைச் சரிசெய்யக்கூட முடியாமல் வண்டிக்கு அடியிலிருந்து காலை இழுக்கிறார். இந்த இடத்தை மட்டும் திரும்பத்திரும்ப வருகிற மாதிரி வெட்டி, பின்னால் ஒரு நையாண்டி மேளத்தைச் சேர்த்திருந்தார்கள்.

நான் மறுபடியும் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் ஒரு சைக்கிள் ஹேண்டில்பார் தெரிந்தது. அதில் நீலநிற ஹெல்மெட் தொங்கியது. என்னுடைய ஹெல்மெட். அன்றைக்கு அதை வீட்டில் மறந்து வைத்துவிட்டு, கொண்டுவந்து தரச்சொல்லி மகனுக்குத்தான் போன் பண்ணியிருந்தேன். அவன் கொண்டுவந்து கொடுத்தான், உண்மைதான். கொடுப்பதற்கு முன்னால் நின்று படம் பிடித்திருக்கிறான். தாய் விழுந்து கிடக்கும்போது ஓடிவந்து தூக்காமல் படம் பிடித்திருக்கிறான்.

அவன் டியூஷன் முடிந்து வந்ததும் செல்போனைக் காட்டினேன். "சும்மா ஒரு தமாசுக்குப் போட்டேம்மா. ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல மட்டுந்தான். மியூசிக் போட்டதெல்லாம் வேற எவனோ" என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். என்னைவிட ஒரு சாண் வளர்ந்து நின்றான். அந்த முகத்தை அண்ணாந்து பார்த்துத்தான் அடிக்க வேண்டியிருந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். வீடியோவைப் பார்த்தார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து மறைந்ததை நான் பார்த்துவிட்டேன்.

"சின்னப்பய வெளையாட்டு. விட்டுரு" என்றார். பிறகு, வேண்டாம் என்று நினைத்தும் சொல்லாமல் இருக்க முடியாதவர்போல, "நீ வீட்டில இருந்திருந்தா இப்பிடி ஆகுமா?" என்றார்.

"நீங்க வீட்டிலதான இருந்திய? அவன் படம் பிடிச்சதும் அனுப்பினதும் நீங்க வீட்டில பேப்பர் படிச்சிட்டு இருந்த நேரத்திலதான? உங்கள ஏன் ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவ?"

தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் மீன்கார அக்கா மைதானத்துக்கு வரவில்லை. தெருவுக்கும் வரவில்லை. மூன்றாம் நாளும் வராததால் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. அன்று சனிக்கிழமை. மகனை எழுப்பி, "சட்டைய மாட்டு. ஒரு இடத்துக்குப் போகணும்" என்றேன். எங்கே என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது. ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் அக்காவின் மூத்த மகன் நின்றான். முப்பது வயது இருக்கும், வளைகுடாவில் வேலை பார்த்து லீவில் வந்திருந்தான். நான் யார் என்று சொன்னதுமே கத்த ஆரம்பித்தான்.

"நீங்கதானா அந்த டீச்சர்? அங்க கேம்ப்ல எங்கூட தங்கியிருக்கவன் எனக்கு அனுப்பிக் கேக்கான், இது ஒனக்க அம்மைதானேன்னு. ஊர் உலகமே பாத்து சிரிக்குது. படிச்சவங்க செய்யிய வேலையா இது?"

"படம் எடுத்தது என் மகன்தான். அதைச் சொல்லத்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றேன்.

அவன் பார்த்த பார்வையில் என் மகன் ஓரடி பின்வாங்கினான். உள்ளேயிருந்து அக்கா வந்தார். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே என் மகனுக்கு எதிரில் வந்து நின்றார்.

"தெரியாம பண்ணிட்டேன். மன்னிச்சிருங்கோ" என்றான் என் மகன்.

சரி மக்கா, பரவாயில்ல என்று அவர் சொல்லுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். பெரியவர்கள் அப்படித்தானே சொல்லுவோம்.

"தெரிஞ்சுதான் பண்ணியிருக்க" என்றார் அக்கா. "எனக்குத் துணி வெலகிக் கெடந்தத நீ பாத்த. பாத்துட்டுத்தான் எடுத்த. மன்னிப்பெல்லாம் இப்ப என்னால தர முடியாது மக்கா. எனக்குக் கோவம் இருக்கு. அது போவும்போ போவட்டும்."

அவன் தலையைக் குனிந்து அழுதான். நான் அவனைத் தேற்றவில்லை. அக்காவும் தேற்றவில்லை. அந்த முற்றத்தில் அவன் அழுது முடிக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் சும்மா நின்றுகொண்டிருந்தோம்.

பிறகு அக்கா தன் மகன் பக்கம் திரும்பினார். "நீ என்னத்துக்குலே தொண்டை கிழியக் கத்துக? ஒரு மாசம் லீவுல வந்துட்டு, வண்டி பழகாண்டாம், வெளிய போவாண்டாம்னு எனக்கு சட்டம் போடுக. நீ போன பெறவு மீன்சட்டிய நீயா வந்து சுமப்ப?" அவன் ஏதோ சொல்ல வந்தான். "பேயாம இரி" என்றார். என்னைப் பார்த்து, "திங்கக்கெழம வாறேன் டீச்சரே. ஆனா ஒரு ஆம்பிளப்பய அந்த மைதானத்துப் பக்கம் நிக்கப்பிடாது. சைக்கிள்ல போறவனும் நிக்கப்பிடாது" என்றார்.

திரும்பி வரும்போது எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. இத்தனை நாள் நான் காலையில் கோபப்பட்டு, மத்தியானம் அதற்காக வருத்தப்பட்டு, சாயங்காலம் சமாதானத்துக்கு நேந்திரம்பழம் பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னவோ நான்தான் தப்புச் செய்தவள் மாதிரி. அந்த அக்கா தன் கோபத்தை யாருக்காகவும் சுருட்டி உள்ளே வைக்கவில்லை.

அன்றைக்கே வீட்டில் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். திங்கள் முதல் காலைச் சமையல் எனக்கு இல்லை. எழுப்புவதும் எனக்கு இல்லை. மதியச் சோற்றுக்கு அரிசி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"பிளஸ் டூ படிக்கிய பிள்ளைய அடுக்களைக்கு விடணுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"அவள விடாண்டாம். நீங்க போங்கோ" என்றேன்.

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் முகம் வீங்கியே இருந்தது. வீட்டுக்காரர் அவித்த இட்லியைக் கல் என்று மகள் சொன்னாள். அவருக்கு வந்த கோபத்தை நான் ரசித்துப் பார்த்தேன். மகன் ஒருநாள் முதல் பீரியடைத் தவறவிட்டான், அடுத்த நாள் தானாக எழுந்தான். என்னிடம் அவன் பேசுவதற்குப் பத்து நாளானது. மைதானத்தைச் சுற்றிலும் பச்சை வலைத்துணி கட்ட ஆள் வந்தபோது, கேட்காமலேயே கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மகள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவள் கூச்சம் அவளுக்கு இன்னும் இருக்கிறது. ஒருநாள் காலையில் நான் சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோது வாசற்படியில் வந்து நின்று, "சேலைய கெட்டிட்டு ஓடாண்டாம்மா. எனக்க பழைய சுடிதார் உனக்கு ஆகும்" என்றாள். அவளுடைய சுடிதாரில் போனேன். இடுப்பில் கொஞ்சம் பிடித்தது.

மீன்கார அக்கா அடுத்த மாதம் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். எட்டு போடச் சொன்னார்கள். கால் ஊன்றாமல் போட்டார். இறங்கி வந்து என் கையைப் பிடித்தபோது அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. "ஒனக்க மகன் மேல உள்ள கோவம் கொஞ்சம் கொறஞ்சிருக்கு கேட்டியா. முழுசா போவல" என்றார். சரி அக்கா என்றேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அதே நாள் மகனின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பத்து வருடத்தில் முதல்முறையாக வீட்டுக்காரர் போயிருந்தார். டெஸ்ட் முடிந்து பக்கத்துக் கடையில் எங்களுக்கு சர்பத் வந்துகொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன்.

"ஏட்டி, இவன் எந்த செக்ஷன்? ஏ-யா பி-யா? இங்க எல்லாரும் என்னையே பாக்காவ."

"அங்க நிக்கிய பிள்ளைகள்ட்ட கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.