நேற்றுச் சொன்ன நம்பர்

பிலோமி அக்கா ராயபுரத்தில் எங்கள் தெருவில், ரயில் பாதைக்குப் பின்பக்கம் குடியிருக்கிறார். வயது நாற்பத்திரண்டு. 2009 ஆகஸ்டில் அவருக்கு நடந்ததை, அவரிடமும் அவரோடு வேலை செய்தவர்களிடமும் கேட்டு எழுதுகிறேன்.

அக்காவின் கணவர் வில்சன் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறார். படகு கடலுக்குப் போனால்தான் அவருக்கு வேலை. அக்காவுக்கும் கிட்டத்தட்ட அதே கதை. திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் சாலையில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டில், சரக்கு வந்தால் கூலி, வராவிட்டால் வீடு. அதனால் மாதச் சம்பளமும் ஈஎஸ்ஐ அட்டையும் வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்ட் கம்பெனியின் ஆள் குணசேகரன் அந்த ஆகஸ்டில் ஒரு வாக்குக் கொடுத்தார். இப்போது வந்திருக்கும் சரக்கு சனிக்கிழமைக்குள் வெளியே போய்விட்டால், திங்கட்கிழமை அக்கா கம்பெனி ஆள், சூப்பர்வைசர். அதற்கான விண்ணப்பப் பாரத்தில் அக்காவின் கையெழுத்துகூட வாங்கியாகிவிட்டது.

சரக்கு என்பது பன்னிரண்டாயிரம் சைனா போன்.

எந்தப் போனாக இருந்தாலும் அதற்குள் பதினைந்து இலக்கத்தில் ஒரு நம்பர் இருக்க வேண்டும். சிம் மாற்றினாலும் அது மாறாது. போலீஸ் ஒரு போனைத் தேடிப் பிடிப்பது அதை வைத்துத்தான். மலிவான போன்களில் அந்த நம்பர் இருக்காது, இருந்தாலும் பதினைந்தும் சைபராக இருக்கும். அப்படிப்பட்ட போனை இனி இறக்குமதி செய்யக் கூடாது என்று அந்த வருடம் டெல்லியிலிருந்து உத்தரவு வந்தது. சுங்க அதிகாரி திருமலை அதை இன்னொரு விதமாகவும் சொல்வாராம்: “நம்பரை முறையா வாங்கி ஒழுங்கா போன் செய்யிறவன் நஷ்டப்படறான், திருட்டு போன்காரன் பாதி விலைக்கு விக்கிறான். இது போலீசுக்கும் அந்த ஒழுங்கானவனுக்கும் சேத்துப் போட்ட ரூல்மா.”

டெல்லியில் போட்ட உத்தரவு யார்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆறு பெண்களின் வேலையாக மாறியிருந்தது. அதிகாரி தினமும் சில பெட்டிகளைக் காட்டுவார். ஒரு பெட்டியில் இருபது போன். புதுப் போனில் சார்ஜ் இருக்காது என்பதால், சார்ஜ் ஏற்றிய பேட்டரிகளை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு இவர்கள் உட்காருவார்கள். பேட்டரியை மாட்டி, ஸ்டார், ஹாஷ், சைபர், ஆறு, ஹாஷ் அழுத்தினால் திரையில் நம்பர் வரும். அதை உறையில் அச்சடித்த நம்பரோடு ஒத்துப் பார்த்து பிலோமி அக்கா உரக்கப் படிப்பார். அவர்களில் ஒருவரான சாபிரா நோட்டில் எழுதுவார். பெட்டிக்கு ஒரு பக்கம்; பக்கம் முடிந்ததும் அடியில் அக்கா கையெழுத்துப் போட வேண்டும்.

உரக்கப் படிப்பது அக்காவுக்குப் புதிது இல்லை. மாதா கோயில் திருவிழாவில் வருடா வருடம் தம்போலா ஆட்டத்துக்கு நம்பர் கூப்பிடுவது அவர்தான். யார்டிலும் பழக்கம் விடவில்லை. கடைசி இரண்டு இலக்கம் வந்தால் குரல் தானாக ஏறிவிடும். “அம்பத்தாறு, எண்ணூர் பஸ்சு! இருபத்திரெண்டு, ரெண்டு வாத்து!” சும்மா கேட்டுக்கொண்டிருப்பானேன் என்று மற்றவர்கள் அட்டைத் துண்டில் ஆளுக்கு ஐந்து இரண்டிலக்க நம்பர் எழுதி வைத்து ஆடத் தொடங்கினார்கள். அன்றைய கடைசிப் பெட்டியில் யாருக்கு முதலில் மூன்று விழுகிறதோ அவருக்கு மற்றவர்கள் டீயும் பன்னும் வாங்கித் தர வேண்டும்.

அந்த வியாழக்கிழமை வியாசர்பாடி மகிழினி ஜெயித்தாள். பத்தொன்பதாவது போனில் அவளுக்கு மூன்றாவது நம்பர் விழுந்தது. ராசியான அட்டை என்று அதைப் பத்திரமாக வைத்திருந்து, வெள்ளிக்கிழமையும் அதையே வைத்து ஆடினாள். அன்றும் அவள்தான் ஜெயித்தாள். அன்றும் பத்தொன்பதாவது போனில்.

“அழுகுணி ஆட்டம்!” என்று கூட ஆடிய சிவந்தி கத்தினார். “பெட்டிய முன்னாடியே தொறந்து பாத்துக்கினு வந்துகீறா.”

“அய்ய, நான் இன்னாத்துக்குக்கா பாக்கப் போறேன்? உன் ஒரு பன்னுக்கா?”

“பின்ன எப்டிடீ நேத்து வுழுந்த அதே மூணு நம்பரு?”

மகிழினிக்குக் கண் கலங்கிவிட்டது. பிலோமி அக்கா சண்டையை முடிக்க நினைத்து, “சாபிரா, நேத்து பக்கத்த எடு. என்னா வுழுந்துச்சினு பாத்துருவோம்” என்றார்.

சாபிரா இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து விரலால் ஓட்டிக்கொண்டே வந்தார். பாதி தூரம் வந்ததும் விரல் நின்றது. “கடேசி ரெண்டு மட்டும் இல்ல பிலோமி. பதினஞ்சும் ஒண்ணு. இருபது போனும் ஒண்ணு.”

வியாழன் பார்த்தது வேறு பெட்டி, வெள்ளி பார்த்தது வேறு பெட்டி. உள்ளே இருந்த நம்பர்கள் மட்டும் அதே நம்பர்கள், அதே வரிசையில்.

அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு குணசேகரனிடம் போனார். அவர் பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டார்.

“ரூல்ல இன்னா போட்டுக்கீது? நம்பர் கீதா, சைபர் இல்லியா, உறையோட ஒத்துப்போவுதா. அவ்ளோதான். டபுளான்னு பாக்கச் சொன்னாங்களா?”

“ஒரே நம்பர் ரெண்டு போன்ல இருந்தா எத வெச்சு சார் புடிப்பாங்க?”

“நீ புடிக்கப் போறியா? நாளைக்கு லாரி வருது. திங்கக்கெழம உன் பேரு கம்பெனி ரோல்ல ஏறுது. கையெழுத்தப் போட்டுட்டு வூட்டுக்குப் போ பிலோமி, பேஜார் பண்ணாத.”

நான்கு மணிக்குத் திருமலை வழக்கம்போல வந்தார். வழக்கம்போல, “எல்லாம் சரிதானேம்மா?” என்று கேட்டுக்கொண்டே பேனாவைத் திறந்தார். பக்கத்தின் அடியில் அக்காவின் கையெழுத்து இல்லை.

“உறையோட ஒத்துப்போவுது சார். ஆனா இந்தப் பெட்டியில இருபதும் நேத்து சொன்ன நம்பரு.”

“நேத்து சொன்னதுன்னா?”

“அதே நம்பரு சார். மகிழினி அட்டையில கூட கீது.”

அவர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “வேலை நேரத்துல சூதாட்டமா?”

“பன்னுக்குத்தான் சார்” என்றாள் மகிழினி.

குணசேகரன் ஏதோ சொல்ல வந்தார். திருமலை கையைக் காட்டி நிறுத்திவிட்டு, நோட்டின் இரண்டு பக்கங்களையும் நின்றபடியே படித்தார். சனிக்கிழமை வந்த லாரி காலியாகத் திரும்பிப் போனது.

ஏன் சொன்னீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். “அந்தப் பொண்ணு அழுகுணி இல்லனு நோட்ட தொறந்து காட்டுனதே நானு. அப்பால அதே நோட்டுல நான் அழுகுணி ஆடறதா?” என்றார்.

பன்னிரண்டாயிரம் போனையும் திறந்து பார்க்கச் சொல்லி உத்தரவானது. செலவு இறக்குமதி செய்தவருடையது. பதினோரு நாள், ஆறு பேருக்கும் தொடர்ந்து கூலி கிடைத்தது. அப்படி அதற்கு முன்பு கிடைத்ததே இல்லை என்று சாபிரா சொன்னார். அட்டை ஆட்டம் நின்றுவிட்டது. அக்கா ராகம் போடாமல் படித்தார். முடிவில், பன்னிரண்டாயிரம் போனுக்கும் சேர்த்து இருந்தது நாலாயிரம் நம்பர்தான். இனி எல்லா நம்பரையும் கம்ப்யூட்டர் பட்டியலாக முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்று அந்த யார்டில் ஏற்பாடு செய்தார்கள். கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுமாம். போனைத் திறந்து படிக்க இரண்டு பேர் போதுமாம்.

கடைசி நாள் திருமலை அறிக்கை எழுதினார். முதலில் கண்டுபிடித்தவர் பெயர் என்று ஓர் இடம் வந்தது. அக்காவைக் கூப்பிட்டுப் பெயரைக் கேட்டு எழுதினார்.

“பதவி?”

அக்கா குணசேகரனைப் பார்த்தார். கையெழுத்து வாங்கிய பாரம் அவருடைய மேசையில்தான் இருந்தது.

“டெய்லி லேபர்னு போடுங்க சார்” என்றார் குணசேகரன், தலையைத் தூக்காமல்.

திருமலையின் பேனா எழுதாமல் நின்றது. அவர் அக்காவைப் பார்த்தார்.

“அப்டியே எழுதுங்க சார்” என்றார் அக்கா. “அதான் நெசம்.”