கீழ்க்கட்டளைப் படப்பிடிப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷேவிங்கும்

குரோம்பேட்டையை விட்டுப் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணம், திருச்சி, கல்லூரியில் ஊடகவியல் பாடம் என்று வாழ்க்கை அந்தப் பக்கமாகவே ஓடிவிட்டது. போன மே மாதம் பள்ளித்தோழி ஸ்டெல்லா போன் செய்தாள். கீழ்க்கட்டளையில் ஒரு சர்ச் ஹாலில், பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகளுக்குக் குறும்பட வகுப்பு நடத்துகிறாளாம். "கதையெல்லாம் எழுதி வெச்சிருக்குங்க, எடுக்கத்தான் தெரியல. ஒரு சனி ஞாயிறு வந்துட்டுப் போடி" என்றாள். அவள் கூப்பிட்டு நான் மாட்டேன் என்றதாகச் சரித்திரமே இல்லை. பள்ளியில் அவள் எழுதிய கிறிஸ்துமஸ் நாடகங்களில் வருஷா வருஷம் இடையன் வேஷம் போட்டவள் நான்.

வெள்ளி இரவு திருச்சியில் ஏறி, சனி காலை 5.20க்குத் தாம்பரத்தில் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் காபி இருபது ரூபாய், சர்க்கரைப் பாகு மாதிரி இருந்தது. கீழ்க்கட்டளைக்குப் பல்லாவரத்தில் இறங்கினால்தான் பக்கம். ஆனால் குரோம்பேட்டையைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. மின்சார ரயிலில் ஐந்து ரூபாய், எட்டு நிமிஷம். நாங்கள் சைக்கிளோடு காத்துக் கிடந்த ரயில்வே கேட் இப்போது இல்லை. கேட் மூடியிருக்கும் நேரத்தில்தான் ஸ்டெல்லா எனக்கு வசனம் சொல்லித் தருவாள். அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் சும்மா நின்றேன்.

அங்கிருந்து ஆட்டோ, ஐந்து கிலோமீட்டர், 150 ரூபாய். கையிலிருந்த கேமரா ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு டிரைவர், "இன்னாக்கா, ஷூட்டிங்கா? யாரு டைரக்டரு?" என்றார். பதினாறு வயசுப் பெண் என்றேன். "அப்ப நம்ம வண்டிக்கு ஒரு சீன் குடுக்கச் சொல்லுக்கா, சும்மாதான் கீது" என்றார்.

அந்தப் பதினாறு வயசு டைரக்டர் ஜெனிஃபர். அவள் அப்பா ஆரோக்கியராஜ் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. அந்த லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. மாலை 5.30க்கு அவர் விமான நிலையம் கிளம்ப வேண்டும். அதற்குள் படத்தை முடித்து அவருக்குப் போட்டுக் காட்டிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

கதை இரண்டே பக்கம். அப்பா பெட்டியோடு வீட்டுக்கு வருகிறார். வாசலில் நின்று, "இனிமே போகலம்மா" என்கிறார். பிறகு உள்ளே உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். அப்பாவாக அப்பாவே நடித்தார், மகளாக இவளே. சனிக்கிழமை முழுக்க அவர்கள் வீட்டு வாசல் காட்சியிலேயே போய்விட்டது. பாதி டேக்கை விமானச் சத்தம் கெடுத்தது, மீதியை அவர் கெடுத்தார். அந்த ஒரு வசனம் வரும்போதெல்லாம் செருப்பைப் பார்த்தபடி முணுமுணுத்தார். ஒன்பதாவது டேக்கை எடுத்துக்கொண்டோம்.

அன்று மாலை நான் சும்மா இருக்காமல், "நாளைக்கு அப்பா கிளம்பத்தானே போறார், முடிவு நம்பும்படியா இல்லையே" என்று ஜெனிஃபரிடம் சொன்னேன். "இது என் கதை மிஸ்" என்றாள். வாத்தியார் புத்தி எனக்கு, அதோடு விடுமா? ராத்திரி ஸ்டெல்லாவிடமும் அதையே புலம்பினேன்.

ஞாயிறு காலை 9.45. டீக்காட்சிக்கு எல்லாம் தயார். ஆரோக்கியராஜ் சர்ச்சில் பூசை முடிந்து வந்தார். முகம் மழமழவென்று இருந்தது. தலைக்கு டை வேறு. சனிக்கிழமை வாசலில் நின்ற ஒரு வாரத்து நரைத்த தாடியைக் காணோம். கேமரா பிடித்த கார்த்திக், "மிஸ், கதவுக்கு வெளிய ஒரு ஆளு, உள்ள வந்தா வேற ஆளு" என்று தலையில் கைவைத்தான்.

"ஷேவ் பண்ணாதீங்கன்னு சொன்னேன்லப்பா!" ஜெனிஃபருக்கு அழுகையே வந்துவிட்டது.

"பூசைக்கு தாடியோட எப்படிம்மா போறது? அதுவும் ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். "டீக்காட்சி வேண்டாம்மா. இந்த முகத்தோட அப்பா கிளம்புறதை எடுத்துக் கடைசியில வெச்சுடலாம். அதுதானே நிஜம்?" என்றேன். அவள் மாடிப்படியில் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்து, "கிளம்புறத எடுக்கலாம் மிஸ். ஆனா அத முதல்ல வெச்சுக்கலாம். ஷேவ் பண்ண அப்பா போறாரு, நரைச்ச அப்பா திரும்பி வராரு. நடுவுல எத்தன வருஷம்னு எழுத்துப் போடவே வேணாம்" என்றாள். பதினெட்டு வருஷமாகப் பாடம் எடுக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. சனிக்கிழமை அவர் தூக்கியது காலிப் பெட்டி. ஞாயிறு எடுத்தது மாலையில் விமானம் ஏறப்போகிற அதே பெட்டி, ஊறுகாயும் பருப்புப்பொடியுமாக. இரண்டே டேக்.

பிள்ளைகளுக்கு இப்படி வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல மனசு இருக்காது. மைக் தனியாக எடுத்துப் போங்கள், இந்தப் பக்கம் விமானச் சத்தம் ஜாஸ்தி. வீட்டு ஆட்களை நடிக்க வைத்தால் ஒரு காட்சியை ஒரே நாளில் முடியுங்கள், முக்கியமாக நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தால். மே மாதம் பதினோரு மணிக்கு மேல் மொட்டைமாடிப் பக்கம் போகாதீர்கள். பிள்ளைகளின் முடிவில் கை வைக்காதீர்கள்.

மாலை 5.20க்கு சர்ச் ஹாலில் படம் போட்டோம். ஆரோக்கியராஜ் பெட்டியோடு அங்கேயே வந்துவிட்டார். நான்கு நிமிஷம் பத்து விநாடி. பெட்டியோடு போகிறார், கதவு மூடுகிறது. கதவு திறக்கிறது, நரைத்த தாடியோடு நிற்கிறார். "இனிமே போகலம்மா." பிள்ளைகள் விசில் அடித்தார்கள். ஆரோக்கியராஜ் அசையவில்லை. "இன்னொரு தடவ போடும்மா" என்றார். போட்டாள். வெளியே வாடகைக் கார் வந்து ஹாரன் அடித்தது.

எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு மகளிடம், "கடைசி வசனத்த நான் இன்னும் நல்லா சொல்லியிருக்கலாம்" என்றார்.

ஜெனிஃபர் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். "அடுத்த தடவ வரும்போது இன்னொரு டேக் எடுக்கலாம்பா."